பழைய கம்ப்யூட்டரைக் கழிப்பதற்கு முன்

கேள்வி: ''2012-ல் மகள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் வீட்டில் இருக்கிறது. மல்லாட்டை விதை விற்ற கணக்கு, ஆள் கூலி, உரக்கடை பாக்கி எல்லாம் அதில்தான் வைத்திருக்கிறோம். இப்போது பட்டா, வில்லங்கம் பார்க்கும் இணையதளம் எதுவும் திறக்கவில்லை. 'விண்டோஸ் 7-க்குக் காலம் முடிந்துவிட்டது, புதுசு வாங்குங்கள்' என்கிறார் கடைக்காரர். எங்கள் ஊர் பால் சங்கத்துக் கம்ப்யூட்டருக்கும் இதையே சொல்கிறார். வேறு வழி இல்லையா?''

- கீழ்பென்னாத்தூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

வழி இருக்கிறது. ஆனால், வாசகர் கேட்டிருப்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. வீட்டு லேப்டாப்புக்குச் சொல்லும் பதிலை அப்படியே பால் சங்கத்துக்கும் சொன்னால், மறுநாள் காலையில் பால் ஊற்ற வருகிறவர்கள் கேனோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆகவே, இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

டிராக்டரை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதில் பிடிபடும். லேப்டாப் என்கிற பெட்டி, டிராக்டர். கணக்கு எழுத, கடிதம் அடிக்க உதவும் மென்பொருள்கள் எல்லாம் பின்னால் மாட்டுகிற கலப்பை, ரோட்டவேட்டர், டிரெய்லர். இயங்குதளம் என்பது ஓட்டுநர். விண்டோஸ் ஓர் ஓட்டுநர். லினக்ஸ் இன்னோர் ஓட்டுநர். ஓட்டுநர் வேலையை விட்டுப் போனார் என்பதற்காக, நன்றாக ஓடும் டிராக்டரை யாரும் காயலான் கடைக்குப் போடுவதில்லை. வேறு ஆளை வைத்துக்கொள்கிறோம். ஆனால், சில பழைய கருவிகளை அந்தப் பழைய ஓட்டுநருக்கு மட்டும்தான் இயக்கத் தெரியும். அந்தக் கருவி எது என்று தெரிந்துகொள்ளாமல் ஆளை மாற்றுவதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

'காலம் முடிந்துவிட்டது' என்று கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆதரவை நிறுத்திய தேதிகள் உண்டு. (விண்டோஸ் 10-ஐ வீட்டில் பயன்படுத்துகிறவர்கள், பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் பெறலாம்.) அந்தத் தேதியில் இயந்திரம் நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வராது, அவ்வளவுதான். நோய் எதிர்ப்பை இழந்த நெல் ரகம் போல என்று சொல்லலாம். நோய் வராத வருஷத்தில் அதுவும் விளையும். வந்தால் வயல் முழுக்கப் போகும்.

அப்படி ஒரு நோய் 2017 மே மாதம் வந்தது. 'வான்னாக்ரை' என்று பெயர். கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் வேலை நின்றது. நம் பக்கத்திலேயே ஆந்திர மாநிலக் காவல்துறையின் கம்ப்யூட்டர்கள் சில மாட்டிக்கொண்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது. அதைப் போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள். திருத்தமே வராத பழைய விண்டோஸில் இணையத்தை வைத்துக்கொண்டு பேங்க் கணக்கைத் திறப்பது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இணையதளம் திறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. குரோம் உலாவி விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் 109-வது பதிப்போடு நின்றுவிட்டது. 2023 தொடக்கத்திலிருந்து புதிய பதிப்பு இல்லை. உலாவி பழசானால், புதிய முறையில் எழுதப்பட்ட இணையதளங்கள் பாதி திறக்கும், பாதி திறக்காது.

ஆனால், அதற்கெல்லாம் முன்பாக ஒரு சின்ன விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். லேப்டாப்பின் மூலையில் தேதி சரியாக இருக்கிறதா? பத்து வருஷப் பழைய பெட்டிகளில் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி 2010, 2012 என்று பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளம் எதுவும் திறக்காது. 'இந்தத் தளம் நம்பத்தக்கதல்ல' என்கிற மாதிரி எச்சரிக்கை வரும். சுவர்க் கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கிற பேட்டரி அது. 'சிஆர் 2032' என்று கேட்டால் பெரும்பாலான பெட்டிகளுக்குச் சரியாக இருக்கும். இதைப் பார்க்காமலேயே கழிக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் ஊருக்கு நாலு இருக்கும்.

லேப்டாப்பிலேயே இருந்த இன்னோர் ஓட்டுநர்

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் வந்த பெட்டிகளைத் திறந்தவர்களுக்கு நினைவிருக்கும். பொத்தானை அழுத்தியதும் 'விண்டோஸா, பாஸ் லினக்ஸா' என்று ஒரு பட்டியல் வரும். 'பாஸ்' என்பது 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட இயங்குதளம் அது. தமிழிலும் இயங்கும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பக்கம் யாரும் போகவே இல்லை. லேப்டாப் மெதுவாகிறது என்று முதல் முறை கடைக்குப் போனபோதே 'எதற்கு இது இடத்தை அடைக்கிறது' என்று அழித்துக் கொடுத்துவிட்டார்கள். இலவசமாக வந்த நல்ல விதையைக் கோழிக்குப் போட்ட கதைதான்.

அரசுக்கும் இது புதிதல்ல. அந்தத் திட்டத்துக்கு முன்பே, சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 'எல்காட்' நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில் அந்த நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. கேரளாவில் அரசுப் பள்ளிகள் பல வருஷங்களாக லினக்ஸில்தான் ஓடுகின்றன. அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கையாள்வதை நம் வீட்டில் பட்டப்படிப்பு முடித்த பிள்ளை கையாள முடியாதா என்ன?

லினக்ஸ் என்பது பின்லாந்து நாட்டில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கி, உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்தது. விதை நெல்லைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதுபோல யாரும் யாருக்கும் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, உரிமம் புதுப்பிக்க வேண்டியதில்லை. நாம் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பதும் லினக்ஸ்தான். ஆக, 'லினக்ஸ் நமக்கு வராது' என்பவர் தினமும் அதைத்தான் தடவிக்கொண்டிருக்கிறார்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

எந்த ரகம் போடலாம் என்று கேட்டு வருகிற விவசாயியிடம், நல்ல வேளாண் அலுவலர் முதலில் மண் என்ன, தண்ணீர் எவ்வளவு என்றுதான் கேட்பார். இங்கேயும் அப்படித்தான். எந்த இயங்குதளம் என்று முடிவு செய்வதற்கு முன், அந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன வேலை நடக்கிறது என்று வீட்டில் எல்லோரையும் கேட்டு ஒரு தாளில் எழுத வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற வேலையையும் விடக் கூடாது. அதுதான் மறந்துபோய்ப் பின்னால் காலை வாரும்.

இணையதளத்தில் நடக்கிற வேலைகள் எல்லாம் - பட்டா, சிட்டா, வில்லங்கம், பயிர்க் காப்பீடு, பி.எம்.கிசான் நிலவரம், பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பம் - எந்த இயங்குதளத்திலும் நடக்கும். நல்ல உலாவி இருந்தால் போதும். எக்ஸெல், வேர்டு கோப்புகளை லினக்ஸில் 'லிப்ரே ஆபீஸ்' என்கிற இலவச மென்பொருள் திறந்துவிடும். கூலிக் கணக்கு, விதைக் கணக்கு மாதிரியான எளிய கூட்டல் கழித்தல் கணக்குகளுக்கு ஒரு குறையும் வராது. மேக்ரோ எழுதிய சிக்கலான எக்ஸெல் கோப்புகளில் மட்டும் தகராறு வரலாம். அப்படி ஏதாவது இருந்தால் மாற்றுவதற்கு முன்பே திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

லினக்ஸுக்கு வராத வேலைகளும் உண்டு. அதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். 'டாலி' விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. டி.டி.பி. கடைகளில் இன்னும் ஓடுகிற 'பேஜ்மேக்கர்' அப்படித்தான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கணக்குத் தாக்கல் செய்யப் பயன்படுத்தும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவி, இ-சேவை மையத்துக் கைரேகைக் கருவி போன்றவற்றுக்கு வேண்டிய இணைப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸை நம்பியே வருகின்றன. 'வைன்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட சில பழைய நிரல்களை அது லினக்ஸின் மேலேயே ஓட்டிக் காட்டும். சில நிரல்கள் ஓடும், சில ஓடாது. ஓட்டிப் பார்த்தபிறகே நம்ப வேண்டும்.

பிரிண்டர் தனிக் கதை. நம் பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் தவறாமல் உட்கார்ந்திருக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸோடு எளிதில் ஒத்துப்போகாது. தெரிந்தவர் உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டும். ஹெச்.பி. நிறுவனத்தின் பல மாடல்களுக்கு அந்த நிறுவனமே லினக்ஸுக்கான மென்பொருள் தருகிறது. பிரிண்டர் இருக்கும் வீடுகளில் அதன் மாடல் எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வாசகரின் வீட்டுக் கதைக்கு வந்தால், தாளில் வரப்போவது இணையதளங்கள், மூன்று நான்கு எக்ஸெல் கோப்புகள், போட்டோக்கள், கொஞ்சம் பாட்டு, படம். இதற்கு லினக்ஸே போதும். புது லேப்டாப் தேவையில்லை.

பெட்டிக்கு எவ்வளவு பலம்?

அடுத்தது, ராம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். திட்டத்தின் தொடக்க கால லேப்டாப்புகளில் பொதுவாக 2 ஜி.பி. இருக்கும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. ராம் கேட்கிறார்கள். அதோடு 'டிபிஎம் 2.0' என்கிற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். 2012 பெட்டியில் அது கிடையாது. குறுக்கு வழியில் ஏற்றிக் காட்டுகிறவர்கள் உண்டு. ஏற்றிய பிறகு அது நத்தை வேகத்தில் நகரும். ஐந்து எச்.பி. மோட்டாரை வைத்துக்கொண்டு பதினைந்து எச்.பி. வேலை வாங்கப் பார்ப்பது எதற்கு?

2 ஜி.பி. இருந்தால் 'லினக்ஸ் மின்ட்' ரகத்தில் 'எக்ஸ்எஃப்சிஇ' என்கிற எடை குறைந்த வகை ஓடும். 4 ஜி.பி. இருந்தால் வசதியாக ஓடும். முகப்பு, மெனு எல்லாம் விண்டோஸ் 7 பார்த்த கண்ணுக்குப் பழகியதுபோலவே இருக்கும் என்பதால் வீட்டுப் பெரியவர்களுக்கும் சிரமம் இல்லை. இதன் 22-வது வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். பாஸ் லினக்ஸின் புதிய பதிப்பும் நல்ல தேர்வுதான். தமிழ் வசதி கூடவே வரும். 1 ஜி.பி. மட்டுமே உள்ள, அதைவிடப் பழைய மேசைக் கம்ப்யூட்டர்களுக்கு 'ஆன்டிஎக்ஸ்' என்கிற மிக எளிய லினக்ஸ் இருக்கிறது. அலங்காரம் குறைவு, வேலை நடக்கும்.

செயலி 32 பிட்டா, 64 பிட்டா என்கிற கேள்வியும் வரும். உள்ளே போட்டிருக்கும் விண்டோஸ் 32 பிட் என்பதாலேயே செயலியும் 32 பிட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டும் வேறு. 64 பிட் லினக்ஸை பென் டிரைவில் போட்டுத் திறந்து பார்த்தால், ஒத்துவராவிட்டால் அதுவே சொல்லிவிடும். நிஜமாகவே 32 பிட் செயலி என்றால் தேர்வு சுருங்கும். பலருக்கும் அடிப்படையாக இருக்கும் 'டெபியன்' லினக்ஸ்கூட 2025-ல் வந்த 13-வது பதிப்போடு அந்தப் பழைய செயலிகளுக்கு நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. ஆன்டிஎக்ஸ் மாதிரி சில மட்டுமே மிச்சம்.

கூகுள் தரும் 'குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ்' பற்றியும் சிலர் சொல்வார்கள். அதற்கு 4 ஜி.பி. ராம் வேண்டும், வேலையெல்லாம் இணையத்தை நம்பியே இருக்கும். சிக்னல் ஒருநாள் இருந்து ஒருநாள் இல்லாத ஊர்களுக்கு அது சரிப்படாது.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் புது இயங்குதளத்தைவிடப் பலன் தருவது இரண்டு செலவு. ராமை 4 ஜி.பி. ஆக்குவது ஒன்று. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தாலும் புது லேப்டாப் விலையில் சிறு பங்குதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் சுற்றிய ஹார்ட் டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம்; அதைவிட அவசரமான வைத்தியம் அந்தப் பெட்டிக்கு இல்லை.

சாம்பிள் பார்த்துவிட்டு முழு வயல்

லினக்ஸில் ஒரு பெரிய வசதி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, லேப்டாப்பை அதிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கும் கணக்குக்கும் ஒன்றும் ஆகாது. 'நிறுவு' என்கிற படத்தை மட்டும் அழுத்தக் கூடாது. பென் டிரைவிலிருந்து ஓடும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, போன் ஹாட்ஸ்பாட்டில் பட்டா இணையதளம் திறக்கிறதா, எக்ஸெல் கணக்கு சரியாகத் தெரிகிறதா, பிரிண்டர் ஓடுகிறதா என்று தாளில் எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாக டிக் அடிக்க வேண்டும். மூன்று நாள் இப்படி ஓட்டிவிட்டு முடிவெடுத்தால் போதும். கால் காணியில் போட்டுப் பார்த்துவிட்டு முழு நிலத்துக்கும் போவதுபோல.

நிறுவுவது என்று முடிவானால், அதற்கு முன் கணக்கு, போட்டோ, ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் நகலெடுக்க வேண்டும். ஒரு பென் டிரைவ் போதாது. பென் டிரைவும் சாகும். நகலெடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் அது நகல். அப்புறம் கரன்ட். பழைய லேப்டாப்பில் பேட்டரி பெரும்பாலும் செத்துப்போய், ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். பாதி நிறுவும்போது கரன்ட் போனால் விண்டோஸும் இருக்காது, லினக்ஸும் இருக்காது. மின்தடை அறிவித்திருக்கும் நாளிலும், இடி மின்னல் நேரத்திலும் இந்த வேலையைத் தொடவே கூடாது. யூ.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டர் உள்ள இடத்துக்கு எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

உதவிக்கு ஆள் வேண்டுமே என்றால், பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். 'விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு' கிராமத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் கற்றுக்கொடுக்கும் தன்னார்வ அமைப்பு. கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி வழியாகப் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்தான். 'கணியம்' என்கிற இணைய இதழில் 2012-லிருந்து லினக்ஸ் பற்றித் தமிழிலேயே கட்டுரைகள் வருகின்றன. கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் இந்த இரண்டு பெயரைச் சொன்னால் போதும்.

பால் சங்கத்துக் கம்ப்யூட்டரில் கை வைக்கலாமா?

இங்கே பதில் தலைகீழ். ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் இயங்குதளத்தை மாற்றவே வேண்டாம்.

காரணம் இருக்கிறது. பால் சங்கத்தில் கம்ப்யூட்டர் தனியாக இல்லை. கொழுப்பும் இதர சத்தும் பார்க்கும் பரிசோதனைக் கருவி, எடை மெஷின், ரசீது அடிக்கும் பிரிண்டர் எல்லாம் அதோடு சேர்ந்த ஒரே வண்டி. கருவியிலிருந்து வரும் கேபிளைப் பார்த்தால் ஒன்பது ஊசி உள்ள பழைய சொருகியாக இருக்கும். அந்தக் கருவி சொல்வதைப் புரிந்துகொள்ளும் மென்பொருள், எப்போதோ ஒருவர் எக்ஸ்பி காலத்தில் எழுதியது. அவரிடம் இப்போது பேச முடியுமா என்பதே பல இடங்களில் சந்தேகம். இயங்குதளத்தை மாற்றினால் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அறுந்தால், ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஊற்றிய லிட்டரும் சத்தும் கணக்கில்லாமல் போகும், பட்டுவாடா நிற்கும். இரண்டு மாடு வைத்துக்கொண்டு பால் காசில் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிற குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் அல்ல.

ஆகவே, அதை அப்படியே வைத்து வேலி கட்ட வேண்டும். முதல் வேலி, இணையத்தைப் பிடுங்குவது. நெட் கேபிள், டாங்கிள், வைஃபை எதுவும் அந்தப் பெட்டிக்கு வேண்டாம். இணையம் இல்லாத எக்ஸ்பி-க்கு வெளியிலிருந்து நோய் வரும் வாசல் ஒன்றுதான், பென் டிரைவ். சங்கத்துக்கென்று இரண்டு பென் டிரைவ் வாங்கி, பெயர் எழுதி, அதைத் தவிர வேறு எதையும் சொருக விடக் கூடாது. செயலாளரின் மகன் பாட்டு ஏற்றிக்கொண்டு வருவதும் இதில் அடங்கும். மின்னஞ்சல், ஒன்றியத்துக்கு அறிக்கை அனுப்புவது போன்றவற்றுக்கு லினக்ஸ் போட்ட இன்னொரு பழைய பெட்டி போதும்.

இரண்டாவது, ஒவ்வொரு பட்டுவாடா முடிந்ததும் கணக்கை அந்த இரண்டு பென் டிரைவிலும் மாற்றி மாற்றி நகலெடுத்து, ஒன்றைச் சங்கத்திலும் ஒன்றை வேறு வீட்டிலும் வைப்பது. ஒரு தாள் அச்சும் வேண்டும். பூச்சி அரிக்காத வரை காகிதத்துக்கு எந்த இயங்குதளமும் தேவையில்லை.

மூன்றாவது, ஹார்ட் டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் படியெடுத்து வைப்பது. 'குளோன்ஜில்லா' என்கிற இலவச மென்பொருள் இதைச் செய்யும். பழைய டிஸ்க் செத்தால் புதியதை மாட்டி அன்றைக்கே பால் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: சில மென்பொருள்கள் குறிப்பிட்ட டிஸ்க்கையோ, பின்னால் சொருகிய பூட்டுச் சாவியையோ பார்த்துத்தான் திறக்கும். படியெடுத்த டிஸ்க்கை ஒருமுறை மாட்டி, மென்பொருள் திறக்கிறதா என்று விடுமுறை நேரத்தில் சோதித்துவிட வேண்டும். எழுதியவர் இன்னும் தொடர்பில் இருந்தால், கணக்கை எக்ஸெல்லில் வெளியே எடுக்க வழி கேட்டு வாங்கிக்கொள்வது அதைவிட முக்கியம்.

புதிய கருவியோ மென்பொருளோ வாங்கும் நாள் வரும்போது, சங்கம் தீர்மானத்திலேயே ஒன்றை எழுதிவிட வேண்டும்: கணக்கு முழுவதையும் யாரும் திறக்கக்கூடிய எளிய கோப்பாக எடுக்க வசதி இருக்க வேண்டும் என்று. விலையைக் குறைக்க அரை நாள் பேசுகிற நிர்வாகிகள் இதைக் கேட்பதே இல்லை. மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறவர்கள், மென்பொருள் வாங்கும்போது மட்டும் ஏன் பார்ப்பதில்லையோ!

கேள்வி: ''300 ரூபாய் கொடுத்தால் விண்டோஸ் 10 போட்டு, ஆபீஸும் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். போடலாமா?''

வேண்டாம். அந்த விலைக்கு உரிமம் கிடைக்காது. பூட்டை உடைக்கும் ஒரு நிரலை ஓட்டித்தான் அதைத் திறந்து கொடுப்பார்கள். அந்த நிரலை ஓடவிட, வைரஸ் தடுப்பை முதலில் அணைக்கச் சொல்வார்கள். அதற்குள் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்று போடுகிறவருக்கே தெரியாது. மூட்டையில் சீட்டு இல்லாத விதையை வாங்குவதும் இதுவும் ஒன்று. வேறு வழியே இல்லாமல் அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்தான் வீட்டில் இருக்கிறது என்றால், அதில் பேங்க் வேலை, ஆதார் ஓ.டி.பி. எதையும் செய்யாமல் இருப்பது நல்லது.

கேள்வி: ''பழைய கடிதங்கள், மனுக்கள் எல்லாம் வானவில் எழுத்தில் அடித்தவை. லினக்ஸ் போட்டால் தமிழ் தெரியுமா?''

தெரியும், ஆனால் விண்டோஸை அழிப்பதற்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஆகவே விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவை பென் டிரைவில் எடுத்து வைத்து, லினக்ஸ் போட்டதும் அதில் நிறுவினால் பழைய கடிதங்கள் பழையபடி தெரியும். அவசரத்தில் அழித்துவிட்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை. கடிதம் அழியவில்லை, அதே எழுத்துருவை வேறு கம்ப்யூட்டரிலிருந்து வாங்கிப் போட்டால் திரும்ப வரும்.

புதிதாக அடிப்பதை இனி யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். தமிழக அரசு 2010-லேயே அதை ஏற்று ஆணையிட்டுவிட்டது. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை இலவசமாகவே கிடைக்கும். உச்சரிப்பு முறையில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் அடிக்கிறவர்களுக்கும் வசதி உண்டு. திரும்பத் திரும்பத் தேவைப்படும் பழைய மனுக்களை மட்டும் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தால் போதும். மாற்றும்போது 'ஸ்ரீ', 'க்ஷ' போன்ற எழுத்துகளும், சர்வே எண்களும் சில சமயம் பிசகும். பட்டா எண், பரப்பளவு உள்ள வரிகளை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே அச்செடுக்க வேண்டும்.